வங்கிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்ட வழக்கில் நீதிமன்ற உத்தரவு வந்தால்: இங்கிலாந்து, வேல்ஸில் இருப்போருக்கான வழிகாட்டி

கிழக்கு லண்டனில் ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் மூன்று பேர் மேசை போட்டு உட்காருவோம். கவுன்சில், வங்கி, கோர்ட் என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் படித்து விளக்கிச் சொல்வோம். 2022-இல் ஒரு சனிக்கிழமை ஓர் அக்கா வந்து, பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். பிரிக்கவே இல்லை. “தம்பி, கேஸ் தோத்துப் போச்சுது போல கிடக்கு. நீங்களே பாருங்கோ” என்றார்.

கேஸ் தோற்கவில்லை. ஓவர்டிராஃப்ட் (கணக்கில் பணமில்லாதபோதும் எடுக்க வங்கி விடும் கடன்) எல்லையை மீறியதற்காகத் தன் வங்கி பிடித்த 612 பவுண்டைத் திரும்பக் கேட்டு அவர் வழக்குப் போட்டிருந்தார். வங்கி எதிர்வாதம் தாக்கல் செய்துவிட்டது. அதற்குப் பிறகு நீதிபதி இரண்டு தரப்பின் காகிதங்களையும் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தில் உத்தரவு போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தேதி, தொகை, காரணம் காட்டும் பட்டியலும், அது ஏன் நியாயமற்றது என்பதன் சட்ட விளக்கமும் குறிப்பிட்ட நாள் மாலை 4 மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் மறு உத்தரவு இல்லாமலே வழக்கு நீக்கப்படும். அவ்வளவுதான். பதினோரு நாள் மிச்சம் இருந்தது.

இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் விசாரணையில் தோற்பதில்லை, உறைக்குள்ளேயே தோற்றுவிடுகின்றன. அதனால்தான் வழக்குப் போடுவது எப்படி என்பதை விட்டுவிட்டு, போட்ட பிறகு வரும் உத்தரவை எப்படிக் கையாள்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடைமுறை வேறு. இங்கே சொல்வது அங்கே பொருந்தாது.

கீழிருந்து மேலாகப் படியுங்கள்

உத்தரவை எடுத்ததும் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கேதான் இருக்கும். “இந்தத் தேதிக்குள் செய்யாவிட்டால் வழக்கு நீக்கப்படும்” என்று இருந்தால் அதை ‘அன்லெஸ் ஆர்டர்’ என்பார்கள். உத்தரவுகளில் மிகவும் கடுமையானது அது. தேதி கடந்த அந்த நொடியே வழக்கு போய்விடும். யாரும் நினைவூட்டல் அனுப்ப மாட்டார்கள்.

அடுத்து, உத்தரவு விசாரணை வைத்துப் போடப்பட்டதா, நீதிபதி தானாகவே போட்டதா என்று பாருங்கள். தானாகப் போட்டதாக இருந்தால், அதை ரத்து செய்யவோ மாற்றவோ நிறுத்தி வைக்கவோ விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். சிவில் நடைமுறை விதிகளில் 3.3 இதைத்தான் சொல்கிறது. எத்தனை நாளைக்குள் என்று உத்தரவில் குறிப்பிடாவிட்டால், அது உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 7 நாள். ‘வழக்கு நீக்கப்பட்டது’ என்றே உத்தரவு வந்திருந்தாலும் இந்த 7 நாள் வாசல் திறந்திருக்கும். நீக்கிவிட்டார்களே என்று கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கை ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ பிரிவுக்கு ஒதுக்கி விசாரணைத் தேதி தரும் உத்தரவு வரும். 10,000 பவுண்ட் வரையிலான பண வழக்குகளுக்கு இதுதான் வழக்கமான பிரிவு. அதில் ஆவணங்களை எப்போது அனுப்ப வேண்டும், விசாரணைக் கட்டணத்தை எப்போது கட்ட வேண்டும் என்று இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கும். கட்டணத் தேதியை விட்டாலும் வழக்கு தானாக நீங்கும். வருமானம் குறைவு என்றால் அந்தத் தேதிக்கு முன்பே கட்டணச் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் ‘ஸ்டே’, அதாவது வழக்கை நிறுத்தி வைக்கும் உத்தரவு. இது வந்தால் ஓய்வு கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். நிறுத்தம் முடியும் தேதிக்குள் நீங்கள்தான் கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்று பல உத்தரவுகளில் ஒரு வரி இருக்கும்.

கெடுவை எண்ணும் முறை

தேதி நேரடியாகக் கொடுத்திருந்தால் குழப்பமில்லை. ‘சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்’ என்று இருந்தால் கவனம் வேண்டும். முதல் வகுப்புத் தபாலில் போட்ட கடிதம், போட்டதற்கு இரண்டாம் நாள் உங்களுக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. அது வேலை நாளாக இல்லாவிட்டால் அடுத்த வேலை நாள். நீங்கள் ஊரில் இருந்தீர்களா, உறையைப் பிரித்தீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. சேர்ந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். 5 நாளோ அதற்குக் குறைவோ என்றால் சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை சேராது. அதற்கு மேல் என்றால் எல்லா நாளும் சேரும்.

இன்னொன்று: கெடு என்பது காகிதம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம். நீங்கள் தபாலில் போட்ட நேரத்தைக் கோர்ட் பார்க்காது. 4 மணி என்றால் 4 மணிதான். நான் எப்போதும் கெடுவுக்கு மூன்று வேலை நாள் முன்பாக ஒரு தேதியை நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிடச் சொல்வேன்.

நேரம் போதாது என்று தெரிந்தால் கெடுவுக்கு முன்பே வங்கியின் வழக்கறிஞருக்கு எழுதிக் கேளுங்கள். விசாரணைத் தேதி பாதிக்காத வரை, அன்லெஸ் கெடுவைக்கூட இரண்டு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு 28 நாள் வரை நீட்டிக்கலாம் என்று விதி 3.8 சொல்கிறது, கோர்ட் அதைத் தடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பதில் எழுத்தில் கிடைத்த பிறகே நீட்டிப்பு. போனில் ஒருவர் “சரி, பரவாயில்லை” என்று சொன்னதை வைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

2009-ஐத் தெரிந்துகொள்ளாமல் பதில் எழுத வேண்டாம்

‘சட்ட விளக்கம் தருக’ என்று நீதிபதி கேட்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2006, 2007-இல் இந்த நாட்டில் லட்சக்கணக்கானோர் வங்கிக் கட்டணங்களைத் திரும்பக் கேட்டார்கள். வங்கிகள் பல வழக்குகளில் விசாரணைக்கு முன்பே பணத்தைக் கொடுத்து முடித்துக்கொண்டன. அந்தக் காலத்தில் சுற்றிய மாதிரிக் கடிதங்கள் இன்றும் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன. ‘இந்தக் கட்டணம் வங்கிக்கு ஆகும் உண்மையான செலவைவிட மிக அதிகம், ஆகவே நியாயமற்றது’ என்பதே அவற்றின் சாரம்.

2007 ஜூலையில், நுகர்வோர் நலனைக் கவனித்த அன்றைய அரசு அமைப்பான ஆஃபீஸ் ஆஃப் ஃபேர் டிரேடிங், ஏழு வங்கிகள் மீதும் நேஷன்வைட் என்ற வீட்டுக்கடன் சங்கத்தின் மீதும் ஒரு சோதனை வழக்குத் தொடுத்தது. கவுண்டி கோர்ட்டுகளில் இருந்த வழக்குகள் நிறுத்தி வைக்கப்பட்டன. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே போயின. ஆனால் 2009 நவம்பர் 25-இல், தொடங்கி இரண்டு மாதமே ஆகியிருந்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றிவிட்டார்கள். ஓவர்டிராஃப்ட் மீறல் கட்டணம் வங்கிச் சேவைக்கு வாடிக்கையாளர் தரும் மொத்த விலையின் ஒரு பகுதி. ஒப்பந்த விதி எளிய மொழியில் எழுதப்பட்டிருந்தால், விலை அதிகமா குறைவா என்ற கேள்வியை, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைத் தடுக்கும் 1999-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்கீழ் எழுப்ப முடியாது என்றார்கள்.

ஆகவே ‘செலவைவிட அதிகம்’ என்ற பழைய வாதத்தை மட்டும் ஒட்டி அனுப்பினால், எதிர்வாதத்தில் வங்கி இந்த ஒரு தீர்ப்பைக் காட்டியதும் உங்கள் வழக்கில் ஒன்றும் மிஞ்சாது. அக்காவின் மனுவும் அப்படித்தான் இருந்தது. யாரோ கொடுத்த மூன்று பக்கம். அதில் வேறொருவரின் கணக்கு வகைகூட மாறாமல் கிடந்தது.

சரி, என்ன மிச்சம் இருக்கிறது? எனக்கு வலுவாகத் தெரிவது 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவு. ஓவர்டிராஃப்டும் கடன்தான். கடன் தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு, ஒப்பந்த விதிகளாலோ, அவற்றை நடைமுறைப்படுத்திய விதத்தாலோ, வங்கி செய்ததாலோ செய்யத் தவறியதாலோ நியாயமற்றதாக இருந்தால் கோர்ட் தலையிட்டுப் பணத்தைத் திரும்பத் தரச் சொல்லலாம். இங்கே முக்கியமான சங்கதி, உறவு நியாயமற்றது என்று நீங்கள் சொன்னதும் அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியின் தலையில் விழுகிறது. 140பி பிரிவின் 9-ஆம் உட்பிரிவு அதைச் சொல்கிறது. உத்தரவுக்கு எழுதும் பதிலில் இந்த உட்பிரிவு எண்ணை எழுதாமல் விடாதீர்கள்.

2015 அக்டோபர் 1 முதல் செய்த ஒப்பந்தங்களுக்கு நுகர்வோர் உரிமைச் சட்டம் வருகிறது. விலை பற்றிய விதி தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, கண்ணில் படும்படி முன்னிறுத்தப்பட்டும் இருக்க வேண்டும் என்று அதன் 64-ஆம் பிரிவு கேட்கிறது. கட்டணம் 40 பக்கக் கையேட்டின் நடுவில் கிடந்தது என்றால் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து இணையுங்கள். அதே சட்டத்தின் 71-ஆம் பிரிவு, யாரும் கேட்காவிட்டாலும் விதியின் நியாயத்தை நீதிபதி பரிசீலிக்க வேண்டும் என்கிறது, போதிய விவரம் முன்னால் இருந்தால். அந்தப் போதிய விவரத்தைத் தருவது நம் வேலை.

இந்த வாதங்கள் உங்கள் மூல மனுவில் இல்லாவிட்டால், வங்கிக்கு மனு சேர்ந்த பிறகு புதிதாக நுழைக்க வங்கியின் எழுத்துச் சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ வேண்டும். அக்காவுக்கு வந்தது போல ‘விளக்கம் தருக’ என்ற உத்தரவு என்றால், அந்த விளக்கத்திலேயே புதிய அடிப்படையை எழுதி, திருத்த அனுமதியையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

காலவரம்பையும் மறைக்க வேண்டாம். பொதுவாக ஒவ்வொரு கட்டணத்துக்கும் 6 ஆண்டு. 2020 ஏப்ரல் 6-க்குப் பிறகு ஓவர்டிராஃப்டுக்கு நிலையான கட்டணம் வசூலிப்பதையே வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் நிறுத்திவிட்டதால், பழைய கட்டணங்களைக் கேட்போருக்கு இந்த 6 ஆண்டுதான் பெரிய முட்டுக்கட்டை. 2023-இல் உச்ச நீதிமன்றம் கடன் காப்பீடு பற்றிய ஒரு வழக்கில், 140ஏ உரிமைக்கு 6 ஆண்டு என்பது கடன் உறவு முடிந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்றது. அது தானாக உங்களுக்கும் பொருந்திவிடும் என்று எண்ணாதீர்கள். ஆனால் கணக்கு எப்போது மூடப்பட்டது என்ற தேதியோடு நீதிபதி முன் வைக்கத் தகுந்த வாதம் அது.

பட்டியல் தயாரிப்பது

கோர்ட் கேட்கும் பட்டியலில் தேதி, வங்கி வைத்த பெயர், தொகை என்று மூன்று நெடுவரிசை போதும் என்று பலர் நிறுத்திவிடுவார்கள். நான்காவதாக ‘அன்று கணக்கில் என்ன நடந்தது’ என்று ஒன்று சேருங்கள். அக்காவின் பட்டியலில் ஒரு வரி இது: 2019 செப்டம்பர் 3, அனுமதியில்லாத ஓவர்டிராஃப்ட் மாதக் கட்டணம், 30 பவுண்ட், எல்லையை மீறிய தொகை 12 பவுண்ட், மறுநாள் சம்பளம் வந்தது. அதற்கு அடுத்த வரியைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே பொறி தட்டியது. அந்த 30 பவுண்டைப் பிடித்ததால்தான் அடுத்த மாதம் கணக்கு மறுபடியும் எல்லைக்குக் கீழே போயிருந்தது. அதற்கு இன்னொரு 30. கட்டணமே கட்டணத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது. பதினெட்டு வரிகளில் பதினொன்று அப்படி. அந்தப் பதினொன்றையும் மஞ்சள் வண்ணமடித்தோம். உறவு ஏன் நியாயமற்றது என்பதை அந்த மஞ்சள் வரிகளைவிட நன்றாக எந்தச் சட்டப் பத்தியும் சொல்லியிருக்காது.

ஸ்டேட்மென்ட் கையில் இல்லையென்றால் உங்கள் தனிப்பட்ட தகவல்களைத் தரும்படி வங்கியைக் கேளுங்கள். இலவசம், பொதுவாக ஒரு மாதத்தில் தர வேண்டும். கெடு அதற்கு முன் வந்தால், கேட்ட கடிதத்தின் நகலைக் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம்.

வட்டி தனி நெடுவரிசை. மனுவில் வட்டி கேட்டிருந்தால் கவுண்டி கோர்ட் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்கீழ் ஆண்டுக்கு 8 சதவீதம் எளிய வட்டியாகக் கணக்கிடுவது வழக்கம். தருவதும் குறைப்பதும் நீதிபதியின் விருப்பம். தொகையை 0.08-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. 30 பவுண்டுக்கு 1,000 நாள் என்றால் 6 பவுண்ட் 58 பென்ஸ்.

அறிக்கை எழுதுவது

மேலே கோர்ட் பெயர், வழக்கு எண், இரண்டு தரப்பின் பெயர். பத்திகளுக்கு எண் போடுங்கள். ‘இன்ன தேதியிட்ட உத்தரவின் 1-ஆம் பத்திக்கு இணங்க இதைத் தாக்கல் செய்கிறேன்’ என்று தொடங்குங்கள். உத்தரவு (அ), (ஆ) என்று கேட்டிருந்தால் உங்கள் பதிலும் அதே (அ), (ஆ) தலைப்பில் இருக்கட்டும். நீதிபதி இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார், தேட விடாதீர்கள்.

அப்புறம் உங்கள் கதை. எப்போது கணக்குத் திறந்தீர்கள், கட்டணம் பற்றி அன்று யார் என்ன சொன்னார்கள், எப்போது வருமானம் குறைந்தது, வங்கியிடம் எப்போது உதவி கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. அக்கா 2019-இல் கிளைக்கு இரண்டு முறை போய்க் கட்டணத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். முதலில் அதை எழுதவே இல்லை, “அது பேச்சுத்தானே தம்பி” என்றார். போன தேதியைக் கண்டுபிடிக்க, அதே நாள் அந்தத் தெருவில் காய்கறி வாங்கிய கார்டு வரியைத்தான் பிடித்தோம். நேரில் பார்த்ததும் கேட்டதும் சாட்சியம்தான். எழுதுங்கள்.

கடைசியில் உண்மை உறுதிமொழி. கோர்ட் விதிகளில் உள்ள வாசகத்தை அப்படியே எடுக்க வேண்டும். 2020 முதல், பொய் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரலாம் என்று புரிந்துகொண்டதாகவும் அதில் ஒரு வாக்கியம் உண்டு. பழைய மாதிரிகளில் அது இருக்காது. கையெழுத்து, தேதி.

அனுப்புவதும் தவறினால் செய்வதும்

இரண்டு பிரதி: ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று வங்கிக்கு அல்லது அதன் வழக்கறிஞருக்கு. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். மின்னஞ்சல் என்றால் தலைப்பில் வழக்கு எண், கெடுத் தேதி இரண்டும் இருக்கட்டும்; தானாக வரும் ஒப்புகையைச் சேமியுங்கள். தபால் என்றால் அஞ்சலகத்தில் போட்டதற்கான சான்றுச் சீட்டு இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். பிறகு கோர்ட்டைக் கூப்பிட்டுக் கோப்பில் சேர்ந்ததா என்று கேட்டு, யார் எப்போது சொன்னார் என்று எழுதி வையுங்கள்.

கெடு தவறிவிட்டால் அன்றே செயல்படுங்கள். தாக்கல் செய்ய வேண்டியதை உடனே அனுப்பிவிட்டு, என்244 படிவத்தில் தண்டனையிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பியுங்கள். 2014-ஆம் ஆண்டின் டென்டன் தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகள் மூன்று கேள்வி கேட்கிறார்கள்: தவறு எவ்வளவு பெரியது, ஏன் நடந்தது, எல்லாச் சூழலையும் பார்த்தால் எது நியாயம். மூன்றுக்கும் வரிசையாகப் பதிலும் ஆதாரமும் வையுங்கள். வெறும் கடிதம் போதாது. எதிர்த்தரப்புக்கு அறிவித்துச் செய்யும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 300 பவுண்டைத் தாண்டும். இதற்கும் சலுகை கேட்கலாம். 612 பவுண்ட் வழக்கில் இது கனமான செலவு என்பதால்தான் கெடுவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்.

விசாரணை, சமரசம்

2024 மே 22 முதல் தொடங்கிய பெரும்பாலான சிறு பண வழக்குகளில் ஒரு மணி நேரத் தொலைபேசிச் சமரசம் கட்டாயம். இலவசம். உத்தரவில் குறித்த நேரத்தில் போனை எடுங்கள். எடுக்காததற்கும் தண்டனை உண்டு. மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் எதிர்வாதம் வந்த பிறகு நிரப்பித் தரும் என்180 கேள்விப் படிவத்திலேயே தமிழ் என்று குறிப்பிடுங்கள். விசாரணையன்று நீங்கள் கூடவே இருந்தால், வழக்கறிஞர் அல்லாத நண்பரோ உறவினரோ உங்களுக்காகப் பேசலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இது தெரியாததால் மகனையோ மகளையோ வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போகிறார்கள்.

தோற்றால் வங்கியின் வழக்கறிஞர் செலவு உங்கள் மேல் விழுமா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஸ்மால் கிளெய்ம்ஸ் பிரிவில் நீங்கள் முறைகேடாக நடந்துகொண்டால் தவிர, பொதுவாக விழாது. ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒதுக்கும்வரை இந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை. ஒதுக்குவதற்கு முன்பே வழக்கை நீக்கச் சொல்லி வங்கி விண்ணப்பித்தால் அன்றே இலவசச் சட்ட ஆலோசனை தேடுங்கள்.

அக்காவின் வழக்கில் பட்டியல் போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில் வங்கியிடமிருந்து கடிதம் வந்தது: தவறை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் 450 பவுண்ட், முழு இறுதித் தீர்வாக. முடிவு அவருடையது. இரண்டு நாள் யோசித்து ஏற்றுக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு மாற்றம் கேட்டார். பணம் 14 நாளுக்குள் வர வேண்டும்; அந்த வங்கியில் இன்னும் கடனில் கிடக்கும் பழைய கணக்கில் போடாமல், வேறு வங்கியில் உள்ள கணக்குக்கு அனுப்ப வேண்டும். கேட்காமல் விட்டிருந்தால் பணம் பழைய கடனில் கரைந்திருக்கும். இரண்டையும் வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டது. பணம் வந்து சேர்ந்த பிறகே வழக்கு முடிந்ததென்று கோர்ட்டுக்கு எழுதினோம்.